ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்



இந்த அரங்கில் பாதிப் பேர் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள், மீதிப் பேர் இறுதியாண்டு மாணவர்கள் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் பார்த்திருக்கும் ஒரு காட்சி உண்டு. ஜாவாவில் எழுதிய வலைச் செயலி திடீரென்று பதில் சொல்லாமல் நின்றுவிடுகிறது. தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார். யாரோ ஒருவர் சொல்கிறார்: "டாம்கேட்டை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." பண்ணுகிறோம், ஓடத் தொடங்கிவிடுகிறது. எல்லாரும் டீ குடிக்கக் கிளம்புகிறோம். இரண்டு நாள் கழித்து அதே தொலைபேசி மறுபடி அடிக்கிறது.

ரீஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சேவையைத் திரும்பக் கொண்டுவருவது நம் கடமை. ஆனால் நின்றுபோன சர்வரின் நினைவகத்தில், அது ஏன் நின்றது என்பதற்கான விடை அந்த நிமிடத்தில் அப்படியே இருக்கிறது. எந்த வேலை எந்த வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, யார் கையில் எந்தப் பூட்டு இருக்கிறது, தரவுத்தள இணைப்புகள் எங்கே போயின, எல்லாம் அதில் உண்டு. ரீஸ்டார்ட் அடித்த அடுத்த நொடி அது போய்விடுகிறது. அதை எடுத்து வைக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை மேலாளரிடம் கேட்டு வாங்கும் துணிவு நமக்கு வரவேண்டும். அதற்காகத்தான் இன்று பேசுகிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் சர்வர் டாம்கேட். வெப்லாஜிக், வெப்ஸ்பியர், வைல்ட்ஃபிளை வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும், கோப்புகளின் பெயர்தான் மாறும். "நாங்கள் ஸ்பிரிங் பூட்டுக்குப் போய்விட்டோம், டாம்கேட் எங்களிடம் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். ஸ்பிரிங் பூட்டில் வலைச் செயலி எழுதும்போது நீங்களாக வேறொன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால், அந்த ஒற்றை ஜார் கோப்புக்குள் இருப்பது டாம்கேட்தான்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன், சர்வ்லெட் என்ற வரையறை நடைமுறையில் எப்படி இயங்கவேண்டும் என்று காட்டும் மாதிரிச் செயலாக்கமாக இதை எழுதினார். 1999இல் அது அப்பாச்சி அறக்கட்டளைக்கு வந்தது. அதை பில்டு செய்வதற்கென்று அவர் எழுதிய சின்னக் கருவிதான் பின்னாளில் ஆன்ட் என்ற பெயரில் தனியாகப் புகழ்பெற்றது. நான்காம் பதிப்புக்காக கிரெய்க் மெக்ளனகன் உள்கட்டமைப்பைப் புதிதாக வடிவமைத்தபோது சர்வ்லெட் பகுதிக்குக் கேட்டலினா என்று பெயர் வந்தது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வாங்கும் பகுதி கொயோட்டி. ஜேஎஸ்பி பக்கங்களை ஜாவாவாக மாற்றும் பகுதி ஜாஸ்பர். ஸ்டாக் டிரேஸில் இந்தப் பெயர்களைப் பார்க்கும்போது கோரிக்கை வாசலில் நிற்கிறதா, உள்ளே வந்துவிட்டதா, பக்கம் வரையும் இடத்தில் இருக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது எண்களுக்கு வருவோம். சர்வர் நின்றுபோவதில் பெரும்பங்கு எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் வருவது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் 200 இலைதான் போடமுடியும் என்றால், அதுதான் சர்வர் எக்ஸ்எம்எல் கோப்பில் கனெக்டர் பகுதியில் உள்ள மேக்ஸ்த்ரெட்ஸ். நாம் எதுவும் எழுதாவிட்டால் அதன் மதிப்பு 200. மண்டபத்துக்குள் வந்து நாற்காலியில் காத்திருக்கலாம், அது மேக்ஸ்கனெக்‌ஷன்ஸ், இப்போதைய பதிப்புகளில் 8192. மண்டபமும் நிறைந்தால் வாசலில் 100 பேர் நிற்கலாம், அது அக்செப்ட்கவுன்ட். அதற்கும் மேல் வருகிறவர்களைத்தான் சர்வர் திருப்பி அனுப்பும். 200 இலைகளிலும் ஆள் உட்கார்ந்துவிட்டால் பயனருக்குப் பிழைச்செய்தி எதுவும் போகாது. அவர் உள்ளே வந்துவிட்டார், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பிரவுசரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "எரர் எதுவும் வரல சார், சுத்திக்கிட்டே இருக்கு" என்று வாடிக்கையாளர் சொல்வது இந்த நிலையைத்தான். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி நோயறிதல் முடிந்துவிட்டது.

இலைகள் ஏன் காலியாகவில்லை? சமையற்கட்டிலிருந்து சாம்பார் வரவில்லை. தரவுத்தள இணைப்புகளைச் சேர்த்துவைக்கும் கனெக்‌ஷன் பூலில், டாம்கேட் எட்டிலிருந்து பயன்படும் டிபிசிபி இரண்டில், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அதிகபட்சம் 8 இணைப்புகள்தான். 200 இலைக்கு 8 வாளி. அது மட்டும் என்றாலும் சமாளிக்கலாம், ஒவ்வொரு வேலையும் மில்லிவினாடிகளில் முடிந்தால் 8 வாளியே தாராளம். ஆபத்து, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதைச் சொல்லும் மேக்ஸ்வெயிட்மில்லிஸ் என்ற இன்னொரு எண்ணில் இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு மைனஸ் ஒன்று. அதாவது வாளி வரும்வரை எத்தனை காலமானாலும் காத்திரு என்று பொருள்.

நான் நேரில் பார்த்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். மாணவர் சேர்க்கை விண்ணப்பங்களை வாங்கும் ஒரு செயலி. காலையில் நன்றாக ஓடும், பத்து மணிக்கு மேல் மெதுவாகும், மதியத்துக்குள் நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்வார்கள், மாலைக்குள் மறுபடி நிற்கும். நினைவகம் போதவில்லை என்று முடிவுகட்டி ஹீப்பை 2 ஜிபியிலிருந்து 8 ஜிபிக்கு ஏற்றியிருந்தார்கள். மேக்ஸ்த்ரெட்ஸை 500 ஆக்கியிருந்தார்கள். பயனில்லை. நின்றுபோன நேரத்தில் சிபியூவைப் பார்த்தால் ஐந்து சதவீதம்கூட இல்லை, சும்மா இருந்தது. சர்வர் வேலைப்பளுவால் திணறவில்லை, எதற்காகவோ காத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

அந்த நேரத்தில் எடுத்த த்ரெட் டம்ப்தான் விடையைச் சொன்னது. எடுப்பது மிக எளிது. ஜேபிஎஸ் என்ற கட்டளை டாம்கேட்டின் புராசஸ் எண்ணைக் காட்டும். ஜேஸ்டாக் என்று அடித்து அந்த எண்ணைக் கொடுத்தால், அந்த நொடியில் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் இருக்கிறது என்று முழுப் பட்டியலாக வரும், அதை ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளலாம். டாம்கேட் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அதே பெயரில் இதை அடிக்கவேண்டும், வேறு பெயரில் அடித்து "வேலை செய்யவில்லை" என்று கைவிட்டவர்கள் நிறைய. ஜேடிகே இல்லாத சர்வரில் கில் மைனஸ் மூன்று என்று கொடுங்கள். கட்டளையின் பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம், ஜாவா புராசஸ் சாகாது. தன் நிலையை எல்லாம் கேட்டலினா அவுட் கோப்பில் எழுதிவிட்டுத் தொடர்ந்து ஓடும். ஒன்றோடு நிறுத்தாமல் பத்துப் பத்து வினாடி இடைவெளியில் மூன்று டம்ப் எடுக்கவேண்டும். ஒரே ஒரு டம்பில் ஒரு த்ரெட் ஒரு வரியில் இருந்தால் அது போகிற வழியில் அங்கே இருந்திருக்கலாம். மூன்றிலும் அதே த்ரெட் அதே வரியில் இருந்தால்தான் மாட்டிக்கொண்டது என்று சொல்லமுடியும்.

அந்தச் சேர்க்கைச் செயலியின் டம்பில் ஹெச்டிடிபி-என்ஐஓ-8080-எக்ஸெக் என்று தொடங்கும் த்ரெட்கள் வரிசையாக இருந்தன. ஏறக்குறைய எல்லாமே வெயிட்டிங் நிலை. மேலிருந்து கீழாகப் படித்தால் பார்க் என்று முதல் வரி, சற்றுக் கீழே டேக்ஃபர்ஸ்ட், அதற்குக் கீழே பாரோஆப்ஜெக்ட், அதற்கும் கீழே கெட்கனெக்‌ஷன், அதற்குப் பிறகுதான் அவர்கள் எழுதிய நிரலின் வரி. அதாவது எல்லா த்ரெட்டும் பூலில் இணைப்பு கேட்டுவிட்டு நிற்கிறது. மேக்ஸ்த்ரெட்ஸை 500 ஆக்கியதால் நின்றவர்களின் எண்ணிக்கை கூடியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

"பூலில் நூறு போட்டிருக்கிறோமே" என்றார்கள். கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தால் உண்மைதான், மேக்ஸ்ஆக்டிவ் 100 என்று இருந்தது. ஆனால் அவர்கள் டாம்கேட் ஏழிலிருந்து எட்டுக்கு வந்திருந்தார்கள். எட்டில் பூலின் நூலகம் டிபிசிபி இரண்டாம் தலைமுறைக்கு மாறியது, அதில் மேக்ஸ்ஆக்டிவ் என்பது மேக்ஸ்டோட்டல் ஆகிவிட்டது, மேக்ஸ்வெயிட் என்பது மேக்ஸ்வெயிட்மில்லிஸ் ஆகிவிட்டது. பழைய பெயரில் எழுதினால் டாம்கேட் நிற்காது. "இந்தப் பெயர் இப்போது பயன்படுவதில்லை, மேக்ஸ்டோட்டல் என்று எழுது, அதன் இயல்பு மதிப்பு 8, நீ கொடுத்த 100 புறக்கணிக்கப்படுகிறது" என்று லாகில் ஓர் எச்சரிக்கை வரி எழுதிவிட்டு 8 இணைப்போடு ஓடத் தொடங்கும். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அந்த வரி எழுதப்பட்டிருந்தது. சர்வர் கிளம்பும்போது ஓடுகிற நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே யாரும் அதைப் படிக்கவில்லை.

பெயரை மாற்றி 100 ஆக்கியதும் பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. மதியம் நின்றுகொண்டிருந்தது இரவில் நின்றது, அவ்வளவுதான். வாளி கூடியது, ஆனால் எடுத்துப் போன வாளி திரும்பி வரவில்லை. இதற்கு டிபிசிபியிலேயே கருவி இருக்கிறது. ரிமூவ்அபாண்டண்ட்ஆன்பாரோ, லாக்அபாண்டண்ட் இரண்டையும் ட்ரூ என்று வைத்தால், நெடுநேரம் திரும்பாத இணைப்பைப் பூல் பிடுங்கிக்கொள்வதோடு, அதை வாங்கிப் போன நிரல் வரி எது என்று லாகில் முழு ஸ்டாக் டிரேஸோடு எழுதிவிடும். 300 வினாடி என்பது இயல்புக் கெடு. அது காட்டிய இடம் கட்டண ரசீது எழுதும் ஒரு மெத்தட். கட்டணம் ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் நடுவிலேயே ரிட்டர்ன் செய்துவிடுகிறது, இணைப்பை மூடும் வரி அதற்குக் கீழே இருக்கிறது. மாணவர்கள் பதற்றத்தில் இரண்டு முறை பொத்தானை அழுத்துவார்கள். அழுத்தும்போதெல்லாம் ஒரு இணைப்பு போய்விடும். ஜாவா ஏழு 2011இல் வந்தபோதே டிரை-வித்-ரிசோர்சஸ் என்ற அமைப்பைக் கொடுத்துவிட்டது. டிரை என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் இணைப்பை வாங்கினால், எந்த வழியாக வெளியேறினாலும் அது மூடப்படும். அந்த மெத்தடை அப்படித் திருத்தியதோடு செயலி நிற்பது நின்றது. அதற்குப் பிறகு பூலை 100இலிருந்து 30க்கு இறக்கினோம், ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை.

பூலை இறக்குவது பலருக்கு உறுத்தும். அளவை ஏற்றிக்கொண்டே போவதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மைஎஸ்க்யூஎல் நீங்கள் மாற்றாவிட்டால் மொத்தம் 151 இணைப்புகளைத்தான் ஏற்கும், போஸ்ட்கிரெஸ் 100. இரண்டு டாம்கேட் சர்வர்களில் ஆளுக்கு 100 என்று பூல் வைத்தால், கூட்டம் வராத வரைக்கும் ஒன்றும் தெரியாது. கூட்டம் வருகிற நாளில் தரவுத்தளமே கதவைச் சாத்தும். ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். தரவுத்தளம் எத்தனை தாங்கும், அதை எத்தனை சர்வர்கள் பங்கிடுகின்றன, அப்படியானால் ஒன்றுக்கு எத்தனை என்று.

காத்திருக்கும் நேரங்களும் இப்படித்தான். டாம்கேட்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்திருப்பீர்கள். டாம்கேட்டிடமிருந்து 60 வினாடி எதுவும் வராவிட்டால் அது பயனருக்கு 504 காட்டிவிட்டுப் போய்விடும். ஆனால் உள்ளே டாம்கேட்டின் த்ரெட்டுக்கு அது தெரியாது. கேட்டவர் போன பிறகும் யாருக்காகவோ வேலை செய்துகொண்டே இருக்கும். பயனர் எஃப்5 அழுத்துவார், இன்னொரு த்ரெட் அதே வேலையைத் தொடங்கும். கூட்டம் அதிகமான நாளில் சர்வர் விழுவதற்கு இந்தச் சுழல் ஒன்றே போதும். உள்ளே உள்ள காத்திருப்பு வெளியே உள்ளதைவிடக் குறைவாக இருக்கவேண்டும். பூலில் இணைப்புக்கு 5 வினாடி, ஒரு வினவலுக்கு 20 வினாடி, அதற்கு வெளியே என்ஜின்எக்ஸின் 60 என்று அடுக்கினால், எது தாமதித்தாலும் உள்ளே இருப்பது முதலில் கைவிடும். லாகில் காரணத்தோடு ஒரு எக்செப்ஷன் விழும். பயனருக்கு உடனே ஒரு பதில் போகும், அது வருத்தமான பதிலாக இருந்தாலும். மைனஸ் ஒன்று என்ற அந்த இயல்பு மதிப்பை உங்கள் சர்வரில் இன்றே தேடிப் பாருங்கள்.

சிபியூ சும்மா இருக்கும் கதையைச் சொன்னேன். நூறு சதவீதம் எரிகிற கதைக்கு வழி வேறு. டாப் கட்டளையில் பெரிய ஹெச் சேர்த்து டாம்கேட்டின் புராசஸ் எண்ணைக் கொடுத்தால் த்ரெட் வாரியாகக் காட்டும். எரிகிற த்ரெட்டின் எண் 12345 என்று வைத்துக்கொள்வோம். அதைப் பதினாறின் அடிமானத்துக்கு மாற்றினால் 3039. த்ரெட் டம்பில் என்ஐடி என்ற இடத்தில் பூஜ்யம் எக்ஸ் போட்டு அந்த 3039 இருக்கும் (புதிய ஜேடிகே சிலவற்றில் மாற்றாமலே நேராக 12345 இருக்கலாம்). அந்த த்ரெட்டின் வரியில்தான் நெருப்பு. ஜாவா எட்டுக்கு முந்தைய செயலிகளில், ஹேஷ்மேப் ஒன்றைப் பல த்ரெட்கள் பூட்டில்லாமல் பகிர்ந்துகொண்டு, அது பெரிதாகும் நேரத்தில் உள்ளே சங்கிலி வளையமாகிச் சுற்றிக்கொண்டே இருப்பதை இப்படிப் பிடித்திருக்கிறார்கள். சுற்றுவது குப்பை சேகரிக்கும் ஜிசி த்ரெட் என்றால் கேள்வி நினைவகத்துக்குப் போகிறது.

நினைவகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாம்கேட்டின் பின் என்ற அடைவில் செட்என்வ் டாட் எஸ்ஹெச் என்று ஒரு கோப்பை நீங்களே உருவாக்கவேண்டும், டாம்கேட்டோடு அது வராது. அதில் ஹீப்டம்ப்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎரர் என்ற ஜேவிஎம் விருப்பத்தைப் போட்டு வையுங்கள். நினைவகம் தீர்ந்த நொடியில் ஹீப் முழுவதும் ஒரு கோப்பாக விழும், எக்லிப்ஸ் மேட் கருவியில் திறந்தால் யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று தெரியும். வட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாவாவின் லாகில் ஒரு வரிகூட இல்லாமல் புராசஸே காணாமல் போயிருந்தால் ஜாவாவைக் குற்றம் சொல்லாதீர்கள், டிஎம்எஸ்ஜி கட்டளையில் பாருங்கள். லினக்ஸ் கெர்னலே நினைவக நெருக்கடியில் அதைக் கொன்றிருக்கும்.

அடுத்தது, செயலி கிளம்பவே மறுப்பது. புதிதாக வேலையில் சேர்ந்தவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். வார் கோப்பை டெப்ளாய் செய்கிறோம், டாம்கேட் ஓடுகிறது, பிரவுசரில் 404. கேட்டலினா லாகைத் திறந்தால் "ஒன்றோ அதற்கு மேற்பட்ட லிஸனர்களோ தொடங்கவில்லை, முழு விவரம் உரிய கன்டெய்னர் லாக் கோப்பில் இருக்கும்" என்று மட்டும் ஒரு வரி. உரிய கோப்பு எது? லாக்ஸ் அடைவிலேயே லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கித் தேதியோடு முடியும் இன்னொரு கோப்பு இருக்கிறது, அதுதான். அங்கே முழு ஸ்டாக் டிரேஸ் காத்துக்கொண்டிருக்கும். அந்தக் கோப்பு இருப்பதே தெரியாமல் மாலைவரை இணையத்தில் தேடிக்கொண்டிருந்த இளைஞர்களைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். ஸ்டாக் டிரேஸைப் படிக்கும்போது மேலே இருக்கும் முதல் வரியோடு நின்றுவிடாதீர்கள். காஸ்டுபை என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக வருவதுதான் வேர். முதல் வரி ஸ்பிரிங்கால் பீன் உருவாக்கமுடியவில்லை என்று அரைப் பக்கம் சொல்லும், கடைசிக் காஸ்டுபை தரவுத்தளக் கடவுச்சொல் தவறு என்று ஒரே வரியில் சொல்லும்.

நோசச்மெத்தட்எரர் வந்தால் வெப்-இன்ஃப் அடைவின் லிப்பில் ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வழக்கமான ஜாவா ஏற்றும் முறைக்கு மாறாக, டாம்கேட் முதலில் செயலியின் கிளாஸஸ், லிப் அடைவுகளைப் பார்த்துவிட்டுத்தான் பொது லிப்புக்குப் போகும். ஜாவாவின் சொந்த வகுப்புகளும் சர்வ்லெட் போன்ற வகுப்புகளும் இதற்கு விலக்கு.

404இல் இன்னும் கொடியது ஒன்று உண்டு. லாகில் பிழையே இருக்காது. டாம்கேட் ஒன்பதில் ஓடிய செயலியைப் பத்தில் போட்டால் வரும். 2017இல் ஆரக்கிள் நிறுவனம் ஜாவா இஇயை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கொடுக்க முன்வந்தது. ஆனால் ஜாவெக்ஸ் என்று தொடங்கும் பொதிப் பெயர்களை மாற்றியமைத்துப் பயன்படுத்துவதில் இரு தரப்புக்கும் 2019இல் உடன்பாடு ஏற்படவில்லை. விளைவாக 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா இஇ ஒன்பதில் பெயர்கள் எல்லாம் ஜகார்த்தா என்று மாறின, டாம்கேட் பத்து அதைப் பின்பற்றியது. பழைய செயலியில் சர்வ்லெட்டின் தலைமேல் எழுதியிருக்கும் வெப்சர்வ்லெட் குறிப்பு ஜாவெக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. டாம்கேட் பத்துக்கு அது யாரோ ஒருவரின் குறிப்பு, கண்டுகொள்ளாமல் போய்விடும். சர்வ்லெட் பதிவாகாது, 404 வரும், புகார் எழாது. டாம்கேட் குழுவே இதற்கு ஒரு மாற்றுக் கருவி தந்திருக்கிறது. பழைய வார் கோப்பை வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்ற அடைவில் போட்டால், தானே மாற்றி வெப்ஆப்ஸில் வைத்துக்கொள்ளும்.

நான் மிகவும் நேசிக்கும் பகுதி இனிதான். தமிழில் தரவு வாங்கும் செயலி எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. பெயர் என்ற பெட்டியில் தமிழில் எழுதி அனுப்புகிறார்கள், திரையில் குப்பை வருகிறது. குப்பை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாமல் அதை உற்றுப் பாருங்கள். அது மூன்று வகையில் வரும், ஒவ்வொன்றும் வேறு இடத்தைச் சுட்டும்.

முதல் வகையில், தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வரும். யூடிஎஃப் எட்டில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். எல்லாமே இ0 என்ற பைட்டில் தொடங்கும். அடுத்தது உயிரெழுத்துக்கும் மெய்யின் அடிவடிவத்துக்கும் ஏஇ, ஈகாரக் குறி, ஒற்றைக்கொம்பு, புள்ளி போன்றவற்றுக்கு ஏஎஃப். ஐஎஸ்ஓ 8859-1 என்ற மேலை ஐரோப்பிய அட்டவணையில் இ0 என்பது அந்தக் கோடு போட்ட ஏ, ஏஇ என்பது அந்த வட்ட ஆர். "தமிழ்" என்று எழுதினால் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், 15 பைட். அவை 15 தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகத் திரையில் விழும், கடைசி ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியாது. இப்படி வந்தால் கவலைப்படாதீர்கள். பைட் ஒன்றுகூடத் தொலையவில்லை, படித்தவர்தான் தப்பாகப் படித்திருக்கிறார், மீட்டுவிடலாம்.

இரண்டாம் வகை வெறும் கேள்விக்குறிகள். இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். "தமிழ்" என்பதற்கு ஐந்து கேள்விக்குறிகள் வந்தால், ஜாவாவின் நினைவகத்தில் தமிழ் சரியாகத்தான் இருந்தது, வெளியே எழுதும்போது தமிழ் இல்லாத ஓர் அட்டவணைக்கு மாற்றப்பட்டு அழிந்தது என்று பொருள். பெரும்பாலும் பதிலின் எழுத்துமுறையைச் சொல்வதற்கு முன்பே ரைட்டரை வாங்கியிருப்பீர்கள், அல்லது தரவுத்தளப் பத்தியே அந்த அட்டவணையில் இருக்கும். தரவுத்தளத்துக்குள் கேள்விக்குறியாகப் போய்விட்டால் அது போனதுதான், ஆயிரம் விண்ணப்பதாரர்களின் பெயரை மறுபடி கேட்டு வாங்கவேண்டும். மூன்றாம் வகை கட்டம் கட்டமாக வருவது. அது எழுத்துரு இல்லாத குறை மட்டுமே, தரவைத் தொடாதீர்கள்.

முதல் வகை டாம்கேட்டில் வரக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. டாம்கேட் ஏழுவரை முகவரியில் வரும் தரவை இயல்பாக 8859-1 என்றுதான் படித்தது, கனெக்டரில் யூஆர்ஐஎன்கோடிங் என்று நாம் எழுதித் திருத்தவேண்டும். எட்டிலிருந்து அது யூடிஎஃப் எட்டாகிவிட்டது. ஆனால் படிவத்தின் உடலில், அதாவது போஸ்ட் முறையில் வரும் தரவு, பிரவுசர் எழுத்துமுறையைச் சொல்லாதபோது எட்டிலும் ஒன்பதிலும்கூடப் பழைய வழிதான். வெப் எக்ஸ்எம்எல்லில் செட்கேரக்டர்என்கோடிங் ஃபில்டரை எல்லா ஃபில்டர்களுக்கும் முதலில் வைக்கவேண்டும். முதலில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதற்கு முன்னால் உள்ள வேறொரு ஃபில்டர் ஒரே ஒரு முறை கெட்பாராமீட்டர் என்று கேட்டுவிட்டால் மொத்த உடலும் அப்போதே படிக்கப்பட்டுவிடும், பிறகு நீங்கள் எழுத்துமுறையை மாற்றுவது எந்தப் பிழையும் காட்டாமல் வீணாகும். டாம்கேட் ஒன்பது முதல் வெப் எக்ஸ்எம்எல்லில் ரிக்வெஸ்ட்-கேரக்டர்-என்கோடிங் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

தமிழுக்கென்றே இன்னொரு சிக்கல். முகவரியில் போகும்போது ஒரு பைட்டுக்கு சதவீதக் குறியோடு மூன்று எழுத்து, ஆக ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்து. டாம்கேட் கோரிக்கையின் தலைப்பகுதிக்கு இயல்பாக 8192 பைட்தான் இடம் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் எளிதாகப் போகும் ஒரு நீண்ட தேடல், தமிழில் தொள்ளாயிரம் குறிகளைத் தொட்டதும் 400 என்று திரும்பும். லாகில் தேடினால் கிடைக்காமல் போகலாம். கோரிக்கையைப் படிக்கமுடியவில்லை என்ற செய்தியை டாம்கேட் இயல்பாக ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் வெளிப்படையாக எழுதும், "இனி வருவதெல்லாம் டீபக் நிலையில் எழுதப்படும்" என்று அதிலேயே சொல்லிவிட்டு ஒதுங்கும். நீங்கள் தேடும் வரி முந்தைய நாளின் லாகில் இருக்கலாம். தமிழில் எழுதும் பயனருக்கு இங்கே ஒன்பதில் ஒரு பங்கு இடம்தான் கிடைக்கிறது. நம் மொழியில் சோதித்துப் பார்க்காமல் வெளியிடும் செயலி இதை எப்படி அறியும்? சோதனைத் தரவில் "டெஸ்ட் ஒன், டெஸ்ட் டூ" என்று எழுதுவதை விட்டு, நம் அம்மாவின் முழுப்பெயரைத் தமிழில் எழுதுங்கள்.

கடைசியாகக் கதவுகள், அதாவது போர்ட்கள். 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்று பெயர்பெற்ற ஓட்டை வெளியானது. டாம்கேட்டின் 8009ஆம் போர்ட்டில் ஏஜேபி என்ற இணைப்பு இயல்பாகத் திறந்தே இருந்தது, அதன் வழியாக வெப்-இன்ஃப் உள்ளே இருக்கும் கோப்புகளை, கடவுச்சொல் எழுதிய கோப்பு உட்பட, வெளியாள் படிக்கமுடிந்தது. 9.0.31 பதிப்பில் அதை இயல்பாக மூடினார்கள், திறப்பவர்கள் சீக்ரெட் என்று ஒரு மறைசொல் வைக்கவேண்டும் என்றும் ஆக்கினார்கள். பதிப்பை ஏற்றியவுடன், முன்னால் அப்பாச்சி வலைச் சர்வரை வைத்து ஏஜேபியில் இணைத்திருந்த பல தளங்கள் கிளம்ப மறுத்தன. சீக்ரெட் காலியாக இருக்கிறது என்று லாக் நேராகச் சொல்லும். அப்போது இரண்டு பக்கமும் ஒரு மறைசொல் எழுதுவது ஒரு வழி, சீக்ரெட்ரிக்வயர்ட் ஃபால்ஸ் என்று எழுதிவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழி, போர்ட் வெளியே திறந்திருக்கும் சர்வரில் ஏஜேபியின் கதவை மறைசொல் இல்லாமல் நம் கையாலேயே திறந்துவிடுவது. நான் போகிற இடங்களில் எல்லாம் அந்த ஃபால்ஸைத் தேடிப் பார்க்கிறேன், கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

டீபக் போர்ட்டும் அப்படித்தான். கேட்டலினா ஜேபிடிஏ ஸ்டார்ட் என்று தொடங்கினால் 8000ஆம் போர்ட்டில் எக்லிப்ஸையோ இன்டெலிஜேயையோ இணைத்து, ஓடுகிற சர்வரின் நிரலை வரி வரியாகப் பார்க்கலாம். அருமையான வசதி. ஆனால் அந்தப் போர்ட்டுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. இணைந்தவர் உங்கள் சர்வரில் தான் விரும்பிய எதையும் ஓட்டலாம். ஜாவா ஒன்பதிலிருந்து போர்ட் எண்ணை மட்டும் கொடுத்தால் அதே கணினிக்குள் மட்டுமே திறக்கும். வெளியிலிருந்து இணையவில்லையே என்று நட்சத்திரக் குறி போட்டுத் திறப்பதற்கு இணையத்தில் ஏராளமான அறிவுரை கிடைக்கும், அதைக் கேட்காதீர்கள். எஸ்எஸ்ஹெச் சுரங்கம் போட்டு உள்ளே வாருங்கள். நிஜப் பயனர்கள் இருக்கும் சர்வரில் பிரேக்பாயிண்ட் வைத்தே ஆகவேண்டும் என்றால், இன்டெலிஜே இயல்பாக எல்லா த்ரெட்களையும் சேர்த்து நிறுத்தும் என்பதை நினைவில் வையுங்கள். பிரேக்பாயிண்டின் மேல் வலது சொடுக்கு செய்து, சஸ்பெண்ட் என்ற இடத்தில் ஆல் என்பதை த்ரெட் என்று மாற்றி, எந்தப் பயனருக்கு மட்டும் நிற்கவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் எழுதிவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.